பக்கவாதத்தின் பற்றுவரவு

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் ஆண்டிமடத்தை நெருங்குகிறவர் கண்ணில், செம்மண் காடும் அதன்மேல் கிளை தாழ்ந்து படர்ந்த முந்திரித் தோப்புகளுமே முதலில் படும். மாசி பிறந்து வைகாசி முடியுமட்டும் அத்தோப்புகளை நம்பி நடக்கும் ஜீவனத்தைச் சற்று நின்று கவனிப்பவர், அதில் ஒரு விசேஷத்தைக் காணத் தவறமாட்டார்: அங்கே ஒற்றைக் கையால் ஆகிற வேலை என்று அநேகமாக ஒன்றுமே இல்லை. உதிர்ந்த பழத்தை ஒரு கை பற்ற மறு கை கொட்டையைத் திருகிப் பிரிக்கவேண்டும். சாக்கைத் தலைக்கேற்ற இரு கையும், ஏற்றிய சுமையோடு வரப்பில் நடக்க இரு காலும் வேண்டும். கொட்டை வீடு சேர்ந்தபின், தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலைப் புண்ணாக்காதபடி சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்க உட்காரும் பெண், ஒரு கையால் கொட்டையை நிறுத்திப் பிடித்து, உள்ளிருக்கும் பருப்பு நொறுங்காமல் தோடு மட்டும் பிளக்கும்படி மறு கையால் அளவறிந்து தட்டவேண்டும். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்த பருப்புக்கு வேறொரு விலை. ஆகையால் அவளுடைய கூலி, அவளுடைய இரு கைகளும் தமக்குள் வைத்திருக்கும் இணக்கத்தைப் பொறுத்தது. இத்தகைய ஊரில் ஒருவருக்கு ஒரு பக்கத்துக் கை கால் செயலற்றுப் போகுமானால், போவது பாதித் திறன் அன்று. ஏறக்குறைய முழுவதும் போய்விடுகிறது.

‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்று ஜனங்கள் சொல்லும் இந்த வியாதியைப் பழைய வைத்தியர்கள் பட்சவாதம் என்றும் பாரிசவாயு என்றும் குறித்தார்கள். பட்சம் என்றாலும் பாரிசம் என்றாலும் பக்கம் என்பதே பொருள். காரணத்தை வாயுவின்மேல் ஏற்றிவிட்டபோதிலும், சரீரத்தின் நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு பாதியை மட்டும் பறித்துக்கொள்வதே இந்நோயின் இலட்சணம் என்பதை அவர்கள் பெயரிலேயே பொறித்துவைத்தார்கள். ஆங்கிலேயர் வைத்த ‘ஸ்ட்ரோக்’ என்ற பெயருக்கோ அடி என்று அர்த்தம். தெய்வத்தின் கை ஓங்கி அடித்ததாக ஒரு காலத்தில் அவர்கள் நம்பினார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் ஒன்று உறைகட்டியால் அடைபட்டுப்போவதோ, அழுத்தம் தாளாமல் வெடித்துக் கசிவதோதான் காரணம் என்பது இன்று யாவரும் அறிந்தது. பெரிய குழாய் ஒன்று அடைபட்ட மூளை, சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் 19 லட்சம் நரம்பணுக்களை இழக்கிறது என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுக் காட்டினார். மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பாதியை ஆள்வதாலும், பெரும்பாலோருக்கு மொழியும் அந்த இடப்பாதியிலேயே குடியிருப்பதாலும், வலக்கை விழுந்தவருக்குப் பல சமயம் பேச்சும் கூடவே விழுந்துவிடுகிறது. உழைக்கும் கையோடு, கூலி பேசுகிற வாயும் கடன் கொடுத்தவரிடம் தவணை கேட்கிற வாயும் ஏககாலத்தில் அடைபட்டுப்போகின்றன.

உலகளாவிய கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019-இல் உலகெங்கும் புதிதாகப் பக்கவாதம் கண்டவர்கள் 1 கோடியே 22 லட்சம் பேர். அதனால் மாண்டவர்கள் 65 லட்சத்துக்கு மேற்பட்டோர். முன்பே கண்டு பிழைத்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் 10 கோடிக்கு மேல். உலகப் பக்கவாத அமைப்பும் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ ஏடும் சேர்ந்து அமைத்த ஆணையம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சைச் செலவையும் இழந்த வருமானத்தையும் கூட்டி, 2017-இல் ஆண்டுக்கு 89,100 கோடி டாலராக இருந்த சுமை 2050-இல் 2,31,000 கோடி டாலராகக்கூடும் என்று மதிப்பிட்டிருக்கிறது. இத்தகைய பேரெண்களைப் படிக்கையில் மனம் ஒருகணம் திகைத்துப் பிறகு மரத்துப்போவது இயல்பு. எனவே அந்தத் தொகையில் எது ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று கேட்பதே நமக்குப் பிரயோஜனமான கேள்வி. ஆண்டிமடத்து முந்திரிக் காட்டில் ஒரு குடும்பம் இழப்பது அந்தப் பேரெண்ணுக்குள் எங்கே இருக்கிறது?

வியாதியால் நாடு இழக்கும் உழைப்பைப் பணத்தால் அளக்கும் முயற்சி புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வில்லியம் பெட்டி இங்கிலாந்தின் ஜனங்களையே நாட்டின் சொத்தாக எண்ணி அவர்களுக்கு விலை போட்டார். 1853-இல் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒரு விவசாயக் கூலியாள் வாழ்நாளில் சம்பாதிப்பதிலிருந்து அவன் உண்டு உடுத்துச் செலவிடுவதைக் கழித்து, வயதுக்கு வயது அவன் மதிப்பு என்ன என்று அட்டவணை எழுதினார். வாலிபத்தில் உச்சத்தை எட்டும் அம்மதிப்பு முதுமையில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கிழவனான கூலிக்காரன் நாட்டுக்குக் கடன் என்று கூசாமல் எழுதிய அந்த அட்டவணையை இன்று படிக்கும்போது நமக்கு அருவருப்பு உண்டாகலாம். ஆயினும் அதன் வாரிசாகிய ‘மனித மூலதன’ முறையே, 1960-களில் அமெரிக்காவின் டோரதி ரைஸ் கையில் திருத்தம் பெற்று, நோய்ச் சுமைக் கணக்குகளுக்கு இன்றளவும் அடிப்படையாக இருந்துவருகிறது. நோய் தாக்காதிருந்தால் ஓய்வு வயதுவரை ஒருவர் எவ்வளவு சம்பாதித்திருப்பாரோ அவ்வளவும் நஷ்டம் என்பது அதன் சித்தாந்தம். இதை மறுத்து, 1995-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்து ஆய்வாளர்கள் வேறொரு முறையை வகுத்தார்கள்: ஒருவர் விழுந்தால் அவரிடத்துக்கு வேறொருவர் வந்துவிடுகிறார், ஆகையால் சமூகம் இழப்பது, அந்த மாற்றாள் வந்து வேலை பழகும் வரையில் உள்ள சில மாதத்து உற்பத்தியை மட்டுமே, மீதியை நஷ்டம் என்பது மிகை என்றார்கள்.

இவ்விரு முறைகளையும் ஆண்டிமடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கணவனும் மனைவியுமாக இருவர் கூலிவேலை செய்யும் ஒரு குடும்பத்தை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். கூலி விகிதத்துக்கு, நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25-இல் நிர்ணயித்திருந்த 319 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். வருஷத்தில் 180 நாள் வேலை கிடைப்பதாகவும் கொள்வோம். ஆளுக்கு 57,420 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 1,14,840 ரூபாய். கணவனுக்கு 52-ஆம் வயதில் பக்கவாதம் வருகிறது. 65 வயதுவரை அவன் உழைத்திருப்பான். மனித மூலதன முறைப்படி, வட்டிக் கழிவு முதலிய நுட்பங்களை விட்டுவிட்டால், 13 வருஷத்து நஷ்டம் 7,46,460 ரூபாய் ஆகிறது. ராட்டர்டாம் முறைப்படி, மாற்றாள் வர மூன்று மாதம் ஆகும் என்று தாராளமாகக் கொண்டாலும், நஷ்டம் வெறும் 14,355 ரூபாய்தான். உண்மையில் வேலைக்கு ஆள் காத்திருக்கும் சீமையில் மறுநாளே மாற்றாள் கிடைத்துவிடுவான். அப்போது சமூகத்துக்கு நேர்ந்த நஷ்டம் ஏறக்குறைய இல்லை என்றே கணக்கு முடியும். மனிதன் அவனே, வியாதியும் அதுவே. ஒரு கணக்கில் ஏழரை லட்சம், மற்றொன்றில் ஒன்றுமில்லை.

இரண்டாவது முறை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தொழிற்சாலைக்கோ தேசத்துக்கோ கணக்கெழுதுகிறவருக்கு அது முதல் முறையைவிட உண்மைக்கு அருகிலேயே இருக்கக்கூடும். தோப்புக்காரருக்குக் கொட்டை பொறுக்க வேறோர் ஆள் கிடைத்துவிட்டது. அவர் மகசூலில் ஒரு படி குறையவில்லை. அந்த மாற்றாள் எங்கிருந்து வந்தான், அவன் வந்ததால் விழுந்தவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது மட்டும் அந்தக் கணக்குக்கு வேண்டாத சங்கதி. குறைந்த வருமானமும் மத்திம வருமானமும் உள்ள தேசங்களின் மீதே பக்கவாதச் சுமையின் பெரும்பாகம் விழுகிறது என்று எல்லா அறிக்கைகளும் ஓதுகின்றன; ஆனால் ஆள் மலிந்த தேசத்தில் அந்தச் சுமையைச் சந்தை தன் தோளில் ஏற்றுக்கொள்வதே இல்லை, அப்படியே குடும்பத்தின் தலையில் இறக்கிவைத்துவிடுகிறது என்பதை அவை அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

குடும்பத்தின் தலை என்றேன். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலை. முன்பே கற்பித்துக்கொண்ட வீட்டில் கணவன் படுக்கையில் விழுந்த அன்றே மனைவியின் வேலைநாளும் குறையத் தொடங்குகிறது. அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப்புண் கண்டுவிடும். விழுங்குவது சிரமமானால் கஞ்சியைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். மலஜலம் எடுக்க வேண்டும். மரத்துப்போன கையையும் காலையும் நீட்டி மடக்க வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டு முன்பு போன வேலைநாளில் பாதியாவது அவள் வேலைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொண்டாலும், அவள் இழக்கும் கூலி ஆண்டுக்கு 28,710 ரூபாய். 13 வருஷத்தில் 3,73,230 ரூபாய். வியாதி வந்தது அவளுக்கன்று என்பதனால், நோயாளியின் வருமானத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணக்கிலும் இத்தொகைக்கு இடமில்லை. அவள் வீட்டில் செய்யும் சிசுருஷைக்கோ விலையே கிடையாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குத் தினம் 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாகவும், வீட்டாரைப் பராமரிப்பதில் ஈடுபடுவோருள் பெண்கள் 134 நிமிஷமும் ஆண்கள் 76 நிமிஷமும் செலவிடுவதாகவும் கண்டது. நோயாளி இல்லாத வீடுகளையும் சேர்த்த சராசரி இது. படுக்கையில் ஒருவர் கிடக்கும் வீட்டின் கணக்கை இதிலிருந்து வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

சிகிச்சைச் செலவை ஓரளவேனும் அரசாங்கம் தாங்குகிறது என்பதை மறுக்கலாகாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் பாதுகாப்பு அளிக்கிறது. நாம் கற்பித்த குடும்பம் நூலிழையில் அந்த வரம்புக்குள் வந்துவிடும். இந்தியா முழுவதிலும் மருத்துவச் செலவில் ஜனங்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் நூற்றுக்கு 64.2 ஆக இருந்தது, 2021-22-இல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாகத் தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. இது நல்ல செய்தியே. ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிப் படுக்கையோடு வருகிறது, படுக்கையோடு போய்விடுகிறது. பக்கவாதமோ ஆஸ்பத்திரியைவிட்டு வீடு திரும்பிய பிறகே வியாதியாகத் தொடங்குகிறது. மாதாமாதம் மறுபரிசோதனைக்குப் போகப் பஸ்ஸில் ஏறமுடியாதவருக்கு வாடகை வண்டி, கூடவே போகிறவரின் இழந்த ஒருநாள் கூலி, பிசியோதெரபி, எவரோ சொன்ன தைலம், எவரோ சொன்ன கோயில்: இவற்றுக்கெல்லாம் காப்பீட்டு அட்டையை நீட்ட முடியாது. காதுத்தோடு முதலில் அடகுக்குப் போகும், பிறகு மாடு, துண்டு நிலமோ நாலு முந்திரி மரமோ இருந்தால் கடைசியில் அது ஒத்திக்குப் போகும். உற்பத்தி இழப்பு என்ற சொல்லுக்குக் கிராமத்தில் உருவம் கேட்டால் அதுதான்: இழந்தது இந்த வருஷத்துக் கூலி மட்டுமன்று, வரும் வருஷங்களில் கூலி தராமலே சோறு போட்டிருக்கக்கூடிய மரமும் போய்விட்டது.

இதே வியாதி இதே தாலுகாவில் வேறொருவரைத் தாக்கினால் கதை வேறுவிதமாக நடப்பதையும் பார்க்கவேண்டும். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவருக்கு ஒரு கை விழுந்துபோனால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆம் பிரிவுப்படி அவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது; அந்த வேலையைச் செய்ய இயலாவிட்டால் சம்பளம் குறையாமல் வேறு வேலை தரவேண்டும்; அதுவும் இல்லையெனில் அவருக்கென்றே உபரியாக ஓர் இடத்தை உண்டாக்கி ஓய்வு வயதுவரை வைத்துக்கொள்ளவேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. சந்தா கட்டிவரும் தொழிலாளிக்கு, நீடித்த நோய்களின் பட்டியலில் பக்கவாதமும் சேர்ந்திருப்பதனால், நிபந்தனைகளைப் பூர்த்திசெய்திருந்தால் இரண்டு வருஷம் வரையில் கூலியில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். முந்திரிக் கொட்டை பொறுக்கியவருக்கோ சட்டத்தில் உரிமை உண்டு, அதைக் கேட்பதற்கு முதலாளி இல்லை. ஊனத்தின் அளவு நூற்றுக்கு 40-க்குக் குறையாது என்று டாக்டர் சான்றிதழ் தந்தபின் மாநில அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அது மாதம் 2,000 ரூபாய். மேலே சொன்ன 319 ரூபாய்க் கூலியில் அது ஆறேகால் நாள் சம்பாத்தியம்.

எந்தத் தொழில் செய்பவருக்கு எந்த அவயவம் மூலதனம் என்பதைப் பொறுத்தே இந்நோயின் பொருளாதாரம் அமைகிறது என்பதற்குத் தமிழ்நாடு முழுவதும் கண்ட சாட்சி ஒன்று உண்டு. 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிறுநீரகக் கோளாறினால் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, அங்கே பக்கவாதமும் கண்டு, நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1985 பிப்ரவரியில் திரும்பிவந்து பதவியேற்றபோது அவருடைய பேச்சு முன்போல் தெளிவாக இல்லை; ஆயினும் 1987 டிசம்பரில் காலமாகுமட்டும் அவரே முதலமைச்சர். அவருடைய மனோதிடத்தைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. குரலும் முகமுமே தொழிலாக வாழ்ந்த ஒருவர் குரல் குன்றிய பின்பும் நாட்டை ஆள முடிந்ததற்குக் காரணம், அவருக்காகப் பேசவும் எழுதவும் ஓடவும் ஒரு செயலகம் இருந்ததே. முந்திரிக் காட்டில் ஒருவருக்கு இருக்கும் செயலகம் அவருடைய மனைவி மட்டுமே.

இந்தியாவில் இந்நோய் மேல்நாடுகளைவிட முன்னதாகவே வருகிறது என்பதும் நஷ்டத்தைப் பெருக்குகிறது. இந்திய–அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து ஆஸ்பத்திரிகளில் நடத்திய பதிவேட்டில் நோயாளிகளின் சராசரி வயது 58 என்ற அளவிலேயே இருந்தது. மேல்நாட்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும் பருவத்தில் வருவது, இங்கே பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பருவத்தில் வந்துவிடுகிறது.

உடனடிச் சிகிச்சையைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவோர் பலர். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து மூன்று மணி நேரத்துக்குள் போடப்பட்டால் பலன் தரும் என்பதை 1995-இல் அமெரிக்கச் சோதனையும், நாலரை மணி வரையிலும் பலன் உண்டு என்பதை 2008-இல் ஐரோப்பியச் சோதனையும் நிலைநாட்டின. ஆனால் அடைப்பா கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைப் போடலாகாது. கசிவாக இருந்தால் அந்த மருந்தே உயிரை வாங்கிவிடும். ஆகவே ஸ்கேன் எவ்வளவு தூரம் என்பதே உழைப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதற்கு முன், இவ்வட்டாரத்தார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை நாடி வேறு மாவட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. தூரம் குறைந்ததும் காலதாமதம் தானாகக் குறைந்துவிடாது. வாய் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க வராமல் தொங்கினால், பேச்சுக் குழறினால் ‘அசதியா இருக்கும், படுத்து எந்திரிச்சா சரியாப்போயிடும்’ என்று படுக்கவைத்துவிடும் வழக்கம் இருக்கும்வரை, நாலரை மணி என்பது பொழுது விடியுமுன்பே கழிந்துவிடுகிற அவகாசமே. 108-க்குப் போன் செய்வதற்குக் காசு வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது, இது பொறுத்திருக்கக்கூடிய வியாதியன்று என்ற ஒரே ஞானம்.

இனி, பிழைத்தெழுந்தவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மறுவாழ்வுப் பயிற்சியைக் குடும்பத்தாரிடமே ஒப்படைத்தால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். பிசியோதெரபிஸ்ட் போதாத நாட்டில் நியாயமான யோசனைதான். பின்னாளில் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவரான லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில், வீட்டாருக்குப் பயிற்சி அளித்த குழுவுக்கும் அளிக்காத குழுவுக்கும் மரணத்திலோ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலோ வித்தியாசம் காணப்படவில்லை. தம் யோசனை பலிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் வெளியிட்டது ஆய்வு நேர்மைக்கு அழகு. ஆனால் நான் அதில் வேறொன்றையும் வாசிக்கிறேன். வீட்டாரின் உழைப்பு இனாமாகக் கிடைக்கிறது, இன்னும் கொஞ்சம் கேட்டால் இன்னும் கொஞ்சம் தருவார்கள் என்ற எண்ணத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில்தான் மேலே கண்ட மனைவி ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள்.

எஞ்சியிருக்கும் உபாயம் மிகச் சாமானியமானது. 32 நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான ஒரு பேராய்வு, பக்கவாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, மாற்றிக்கொள்ளத்தக்க பத்துக் காரணங்களோடு தொடர்புடையது என்று கண்டது. அவற்றுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் என்ற சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களுள் நூற்றுக்கு 33.9 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர் மட்டுமே. வலி இல்லாத வியாதிக்குத் தினம் மாத்திரை விழுங்குவது மனிதசுபாவத்துக்கு ஒவ்வாத காரியம். அதைவிட ஒவ்வாதது, அந்த இலவச மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பது. மாத்திரையின் விலை சில காசு, அதை வாங்கிவரும் விலை 319 ரூபாய் என்ற இந்த விபரீதத்தை முதன்முதலாக ஓரளவு நேர்செய்தது, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, படுக்கையில் கிடப்பவருக்குப் பிசியோதெரபியையும் வாசல்வரை கொண்டுவருவதாக அது அமைந்தது. பொருளாதார நூல்களில் இதற்கு எந்தப் பெயரிட்டாலும், ஒரு பெண்ணின் ஒரு நாளை அவளிடமே திருப்பித் தருவதாகவே நான் இதைக் கருதுகிறேன்.

தேசத்தின் வேலைநிலையை அளக்க வீடு வீடாக வரும் கணக்கெடுப்பாளர், ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் எழுதுவது வழக்கம். ஊனத்தினால் வேலை செய்ய இயலாதவருக்கு 95. வீட்டுக் காரியத்தை மட்டும் பார்ப்பவருக்கு 92. வேலை தேடிக் கிடைக்காதவரே வேலையற்றவர் என்பது இலக்கணமாகையால், இவ்விரு எண்களுக்கு உரியவர்களும் உழைப்பாளர் கணக்கிலும் வரமாட்டார்கள், வேலையில்லாதோர் கணக்கிலும் வரமாட்டார்கள். நாம் கற்பித்த வீட்டுக்கு அவர் வருகிற நாளில், மனைவியும் வேலையை முற்றிலும் விட்டிருந்தால், திண்ணையில் கட்டிலில் கிடப்பவருக்கு நேரே 95 என்றும், அவர் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பவளுக்கு நேரே 92 என்றும் எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடப்பார்.